பதினாலு மணி நேரக் கால்

மைசூனுக்கு நாற்பத்திரண்டு வயதாக ஐந்து மாதம்தான் பாக்கி. ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஒரு அறக்கட்டளை தரும் ஆய்வு உதவித்தொகைக்கு அந்த வயதைத் தாண்டியவர்கள் விண்ணப்பிக்க முடியாது. நாற்பத்திரண்டுக்கு மேல் மூளை வேலை செய்யாது என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. தனி ஆளுக்குத் தரும் தொகை அது. கிடைத்தால் ஒரு வருடம் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, செயற்கைக் கால் போட்டவர்களுக்கு ஏன் தீராத இடுப்பு வலி வருகிறது என்று ஆராயலாம். கிடைக்காவிட்டால், இர்பித் நகர மறுவாழ்வு மையத்தில் பதினைந்து வருடமாகக் கொடுத்துவந்த நடைப்பயிற்சியையே ஓய்வு பெறும்வரை கொடுத்துக்கொண்டிருக்கலாம். முதல் சுற்றில் தேறியிருந்தாள். வியாழக்கிழமை நேர்காணல். கடிதம் வந்த நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் நம்பியிருந்தது தன் முன்னோட்ட ஆய்வைத்தான். முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட இருபத்திரண்டு பேரை வீடு வீடாகப் போய்ப் பார்த்திருந்தாள். மரியாதையாக, முந்தின நாளே போன் செய்துவிட்டுத்தான் போனாள். சொல்லாமல் வாசலில் போய் நிற்பவளை அந்த ஊரில் யாரும் வளர்ப்புச் சரியில்லை என்றுதான் சொல்வார்கள். காபி வரும், பேச்சு நடக்கும், அப்புறம் படிவத்தை எடுப்பாள். தினம் எத்தனை மணி நேரம் காலை மாட்டியிருக்கிறீர்கள்? எல்லாரும் பதினாலு என்றார்கள். இத்தனை பேர் ஒரே எண்ணைச் சொல்கிறார்களே என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. தான் பழக்கிய கால்கள் ஆயிற்றே என்று உள்ளூரப் பெருமை வேறு.

செவ்வாய்க்கிழமை, அபூ ஷிஹாபின் சம்மதத் தாளில் கையெழுத்து விடுபட்டிருப்பது தெரிந்தது. பாக்தாத் சாலையில் முப்பது வருடம் லாரி ஓட்டி, சர்க்கரை நோய்க்கு இடது காலைக் கொடுத்தவர் அவர். மைசூனின் போனில் சார்ஜ் இல்லை. வேலை முடிந்ததும் நேராகப் போய்விட்டாள்.

வாசலில் செருப்புகளுக்கு நடுவே அவருடைய செயற்கைக் கால் நின்றது, ஷூ போட்டு, நாடா கட்டி. திறந்திருந்த கதவு வழியே பார்த்தாள். அபூ ஷிஹாப் கம்பளத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய்க்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் குளிக்கும்போது அகப்பட்டவர் போல மெத்தை விரிப்பை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா மகளே? மாட்டிட்டு உக்காந்திருப்பேன்ல."

"வீட்டுக்குள்ள மாட்டறதே இல்லையா?"

"எப்படி மாட்ட? ஷூவோட குதி உயரத்துக்கு அளவு பார்த்துச் செஞ்ச கால் அது. ஷூவைக் கழட்டினா மல்லாக்கத் தள்ளுது. தொழுற இடத்துல ஷூவோட நடக்கச் சொல்றியா?"

அப்புறம் ஏன் பதினாலு என்று சொன்னீர்கள் என்று கேட்டாள். அவர் தன் மனைவி உம்மு ஷிஹாபைப் பார்த்தார். அவள்தான் மெல்லச் சொன்னாள். மையத்து பெஞ்சில் காத்திருந்தபோது எல்லாரும் கூடிப் பேசினார்களாம். குறைத்துச் சொன்னால் டாக்டரம்மா மைசூன் சரியாகப் பழக்கவில்லை என்று அவள் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்று பயந்தார்களாம்.

"ஆளுக்கொண்ணு சொன்னா சந்தேகம் வரும்ல," என்றார் அபூ ஷிஹாப், கொஞ்சம் பெருமையாகவே. "நான்தான் பதினாலுன்னு முடிவு பண்ணேன்."

புதன்கிழமை இன்னும் நாலு வீட்டுக்குச் சொல்லாமல் போனாள். மூன்று கால்கள் வாசலில் நின்றன, ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. நாளெல்லாம் காலை மாட்டியிருப்பதால்தான் இடுப்பு வலி என்று வாதிட்ட அவளுடைய விண்ணப்பமே பதினாலு மணி நேரத்தின்மேல் கட்டிய கட்டடம். தங்கை ரந்தாவிடம் போனில் அழுதாள். "முதல்ல தொகையை வாங்கு. கண்டுபிடிக்கிறதை அப்புறம் கண்டுபிடி," என்றாள் தங்கை. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அம்மான் போகும் பஸ்ஸில் அதையே நூறு தடவை தனக்குச் சொல்லிக்கொண்டு போனாள்.

ஆனால் குழுவின் முன் உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தலைவி வயதான பேராசிரியை, கெட்டவள் இல்லை. ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினாள். இரண்டு கட்டங்கள். 'பங்கேற்றவர்கள் தந்த தகவல் நம்பத்தக்கதல்ல' என்பது ஒன்று. அதில் குறியிட்டால் முன்னோட்டத்தை விட்டுவிட்டு மீதிக்கு மதிப்பெண் போடலாம். 'ஆய்வாளரின் முறையில் பிழை' என்பது மற்றது. அதில் குறியிட்டால் விண்ணப்பம் அதோடு சரி.

"அவங்க பொய்தானே சொன்னாங்க?" என்றாள் தலைவி, வழி காட்டும் குரலில்.

மைசூன் பேனாவை எடுத்தாள். "விருந்தாளியாப் போனேன் மேடம். விருந்தாளிக்குச் சொல்ற பதில்தான் கிடைச்சுது. வீட்டுக்குள்ள ஷூவைக் கழட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நானும் இந்த நாட்டுக்காரிதானே."

இரண்டாவது கட்டத்தில் குறியிட்டாள். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்பார்கள். சும்மா சொல்வதுதான்.

அப்படியும் ஆசை விடவில்லை. மூன்று வாரம் போன் அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. கடைசியில் கடிதம் வந்தது. தேர்வாகவில்லை. அடுத்த சுற்று ஒரு வருடம் கழித்து.

வேறு யாரும் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று அபூ ஷிஹாபுக்குப் போன் செய்துவிட்டுப் போனாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று வரவேற்றார். விருந்தாளி வருவது தெரிந்தும் காலை மாட்டியிருக்கவில்லை. பின்னால் உம்மு ஷிஹாப் காபித் தட்டோடு தலைகுனிந்து நின்றாள்.

மைசூன் விஷயத்தைச் சொன்னாள்.

"எங்களாலயா?"

"இல்ல. என்னால."

"பேப்பரை எடு. கேளு, சொல்றேன்."

"இனிமே அதைப் படிக்க யாருமில்ல, அபூ ஷிஹாப்."

"நீ இருக்கியே."

அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். வீட்டுக்குள் எத்தனை மணி நேரம் மாட்டுகிறீர்கள் என்று கேட்டாள். ஒரு நிமிடம்கூட இல்லை என்றார். அப்படியானால் குளியலறைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டாள். சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு போவாராம்.

"விழுந்திருக்கீங்களா?"

"ரெண்டு தடவை."

"ஏழு," என்றாள் உம்மு ஷிஹாப்.

மைசூன் ஏழு என்று எழுதினாள்.