உதட்டில் ஒரு சொட்டு பெட்ரோல்

டேங்கின் அடியில் கையை விட்டுத் துழாவி, நனைந்த விரலை வெளியே எடுத்து, மூக்குக்குக் கொண்டுபோகாமல் கீழுதட்டில் ஒற்றிக்கொள்கிறார் சகாய பிரவீன். இரண்டு விநாடி கண்ணை மூடுகிறார். உதடு சில்லென்றால் பெட்ரோல், வழவழத்தால் ஆயில், இரண்டும் இல்லையென்றால் வண்டி கழுவிய தண்ணீர். "குளுருதுண்ணே. பெட்ரோலுதான்" என்று சொல்லிவிட்டுத் தோளில் கிடக்கும் துண்டால் உதட்டைத் துடைத்துக்கொள்கிறார்.

ராயப்பன்பட்டியிலிருந்து உத்தமபாளையம் போகும் சாலையில் அவருடைய தகரக் கொட்டகை. எதிரே என் ஜெராக்ஸ் கடை. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்கி, பிரேக் தேய்ந்து, உடம்பெல்லாம் சேறாக, மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். பக்கத்து டீக்கடையில் டிரைவர்கள் இந்த உதட்டு வித்தையைப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். "மத்த மெக்கானிக்கெல்லாம் மோந்து பாப்பாக. நம்மாளு உதட்டுல வச்சே சொல்லிருவாப்ல." பிரவீன் அதற்குச் சிரிக்கவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார்.

அது வித்தை இல்லை. கொரோனா இரண்டாவது அலையில் படுத்து எழுந்தவருக்கு மற்றதெல்லாம் திரும்பி வந்தது, வாசனை மட்டும் வரவில்லை. இதைத் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், அவர் மனைவி ஜெயமேரி, நான். எனக்குத் தெரிந்ததும் தற்செயல்தான். என் ஜெராக்ஸ் மெஷின் உள்ளுக்குள் கருகி நாறியதில் நான் வாசலுக்கு ஓடிவந்தேன். இவரோ மெஷினை ஒட்டி உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, எதுக்கு ஓடுறீக?" என்று வேறு கேட்டார்.

தேனியில் பார்த்த டாக்டர் மூக்குக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூக்கலிப்டஸ் தைலம் என்று காலையும் மாலையும் முகர்ந்து பார்க்க வேண்டும். பிரவீன் கொட்டகையின் பின்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஜெபம் சொல்வதுபோல் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து முகர்வார். எட்டு மாதம் செய்தார். பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஜெயமேரியிடம் கொடுத்துவிட்டார். "விட்டுட்டேண்ணே. நெதமும் ரெண்டு தடவை ஏமாறதுக்குத் தெம்பு இல்ல" என்றார். ஏலக்காய் மூட்டை இறக்கிவிட்டு வரும் ஜீப் நுழைந்தால் தெருவே மணக்கும். அதன் அடியில் ஒன்றும் தெரியாமல் மல்லாந்து கிடப்பார்.

வெளியே சொல்லிவிடலாமே என்றால் கையை ஆட்டி மறுத்துவிடுவார். "மூக்கு இல்லாத மெக்கானிக்னு தெரிஞ்சா எவன் வண்டி விடுவான்? மலையேறுற வண்டிண்ணே. பதினாலு பேரு ஒக்காந்து போறாக." பதினாலு பேர் போகிற வண்டி என்பதால்தான் சொல்ல வேண்டும் என்பேன். உடனே ஜெயமேரியைக் காட்டுவார். ஜெயமேரிதான் அவருடைய மூக்கு. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையலை முடித்துவிட்டு, மூன்று மணிக்குத் தூக்குவாளியோடு வந்து, அன்றைக்கு முடிந்த வண்டிகளைச் சுற்றி நடப்பார். குனிவார், நிமிர்வார். "அங்கன ஒண்ணுமில்ல. இங்கன லேசா வருது" என்று பிரவீன் காதில் படும்படி முணுமுணுப்பார். புருசனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பெண் வேடிக்கை பார்க்கிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. "அம்பது புள்ளைகளுக்கு வடிச்சுக் கொட்டிட்டு வந்து இந்தக் கழுதைகள வேற மோந்து பாக்கணும். எனக்கு எப்பண்ணே லீவு?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் தங்கப்பாண்டியின் ஃபியட் வந்து நின்றது. தங்கப்பாண்டி திராட்சைத் தோட்டக்காரர். கார் எழுபத்தெட்டாம் வருட மாடல், அவருடைய அப்பா வாங்கியது. அதை அவர் விற்கவும் மாட்டார், அவர் மனைவி நாகஜோதி அதில் ஏறவும் மாட்டார். ஏறினால் பத்தாவது நிமிடம் பெட்ரோல் வாடையில் வாந்தி. தேவாரம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குக் கணவன் காரிலும் மனைவி பஸ்ஸிலும் தனித்தனியாக வந்து இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன். மனைவியை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று அவர் காருக்கு ஏசி வைக்கத் தீர்மானித்தார். ஏசி வைக்க முன்பக்கம் இன்ஜின் அருகே இடம் இல்லை. அதனால் பேட்டரி டிக்கிக்குப் போக வேண்டும். டிக்கியில் ஏற்கெனவே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. ஏசி போட்டால் கண்ணாடியை ஏற்ற வேண்டும், ஏற்றினால் வாடை முழுக்க உள்ளேயே நிற்கும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் அடுத்தது வாயைப் பிளந்தது.

"டேங்க்கும் பேட்டரியும் ஒரே ரூம்ல குடியிருக்கணும்னா, மொத வாடை போகணும்ணே" என்றார் பிரவீன். "வாடை நிக்கிற எடத்துல ஒரு பொறி பட்டுச்சுனா, டிக்கிய மூட ஆளு இருக்காது."

பதினெட்டு நாள் வேலை. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகவில்லை என்று டேங்கைச் சுற்றியிருந்த ஹோஸ்களை எல்லாம் மாற்றினார். மூடியின் வாஷரை மாற்றினார். பேட்டரியை டேங்குக்கு எதிர்மூலையில், மூடி போட்ட பெட்டிக்குள் இறக்கி, அதன் காற்று அடித்தட்டு வழியாக வெளியே போகக் குழாய் வைத்து, பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, தடித்த கேபிளைக் கார்ப்பெட்டுக்கு அடியில் முன்னால் கொண்டுபோனார். பிறகு இணைப்புகளில் எல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். கசிந்தால் பவுடர் கறுக்கும். மூன்று நாள் பார்த்தார். பவுடர் பவுடராகவே இருந்தது. மீதிக்கு ஜெயமேரியின் மூக்கு வேண்டும். அந்த வாரம் பார்த்து ஜெயமேரிக்குச் சளி.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து தங்கப்பாண்டி வந்துவிட்டார். கூடவே, புடவைத் தலைப்பை முன்னெச்சரிக்கையாக மூக்கில் வைத்தபடி நாகஜோதி.

"வாடை சுத்தமாப் போயிருச்சாப்பா?"

பிரவீன் சாலைக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார். ஒரு நடை போய் நானே டிக்கிக்குள் குனிந்திருக்கலாம். ஆதார் அட்டையோடு நான்கு பேர் நின்றார்கள் என்று இப்போது சொன்னால் அது சாக்கு. நான் குனிந்து மெஷினில் தாள் வைத்தேன்.

"போயிருச்சுண்ணே" என்றார்.

தங்கப்பாண்டி தட்டில் சூடம் கொளுத்தினார். காருக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றினார். அதோடு விட்டிருக்கலாம். "புதுசா குடிவந்திருக்கிற பேட்டரிக்குக் காட்டாமயா?" என்று எரிகிற தட்டோடு பின்பக்கம் நடந்து, டிக்கியைத் தூக்கச் சொன்னார். டிக்கியைத் தூக்கிய நாகஜோதி முகத்தைச் சுளித்தார்.

"ஏங்க, இன்னும் அடிக்குதே!"

தட்டு இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. பிரவீன் பாய்ந்த வேகத்தில் தட்டை வாங்கக்கூட இல்லை. எரிகிற சூடத்தின் மேல் வெறும் உள்ளங்கையைப் பொத்தினார். தட்டு கவிழ்ந்து குங்குமம் தரையெல்லாம் கொட்டியது. "யாரும் எந்த சுவிட்சையும் தொடாதீக!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

"போயிருச்சுன்னு சொன்னேல்ல? மோந்து பாத்தியா இல்லையா?" தங்கப்பாண்டி அவர் முன்னால் வந்து நின்றார்.

பிரவீன் வெந்த கையை வாளித் தண்ணீருக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து டீக்கடையில் மூன்று ஜீப் டிரைவர்கள் டம்ளரோடு எழுந்து நின்றிருந்தார்கள். அவர்களையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"எனக்கு வாசம் தெரியாதுண்ணே. கொரோனாவுல போனது, நாலு வருசமாச்சு. பவுடர் நனையல, அத வச்சுச் சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான்."

"மூக்கே இல்லாத ஆளுகிட்டயா என் பொண்டாட்டி ஏறுற வண்டிய விட்டேன்?"

தெருவுக்கே கேட்டது. வண்டியைத் திருப்பி எடுத்துப்போகத் தங்கப்பாண்டி சாவியை எடுக்கப் போனார். நாகஜோதிதான் குறுக்கே நின்றார். "சத்தம் போடாதீக. கையச் சுட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. எனக்கு மூக்கு இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு, தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அத்தனை வருடமாக எட்டியே நின்ற காரின் டிக்கிக்குள் தலையை விட்டார். "ஹோஸ்கிட்ட இல்ல தம்பி. இந்த மூலைல. இந்தச் சின்னக் குழாய்க்கிட்டதான் குப்புன்னு வருது."

அது டேங்க் மூச்சு விடும் குழாய். வண்டிக்கு வெளியே தலைநீட்ட வேண்டியது. என்றைக்கோ பெயிண்ட் அடித்தவர் அடித்தட்டுத் துளையை அடைத்துவிட்டு, குழாயின் நுனியை டிக்கிக்குள்ளேயே மடக்கி விட்டிருக்கிறார். அதில் சொட்டு விழாது, ஆவிதான் வரும். ஆவிக்குப் பவுடர் கறுக்காது. பேட்டரி கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, டிக்கியையும் கதவுகளையும் திறந்துபோட்டு, ஒரு மணி நேரம் காற்றாட விட்டார்கள். பிரவீன் கையால் சுற்றும் துரப்பணத்தால் அடைத்த துளையைத் திறந்து, புதுக் குழாய் போட்டு, வண்டியின் அடி வழியாக வெளியே விட்டார். பாதி வேலை ஒற்றைக் கையால். நாகஜோதி நான்கு தடவை குனிந்து பார்த்துச் சொன்னார். இரண்டாவது தடவைக்குப் பிறகு ஓடிப்போய் வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்துவிட்டு, திரும்பவும் வந்தார்.

மூன்று மணிக்குப் பின்சீட்டில் அவரை உட்கார வைத்து, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டார்கள். பத்து நிமிடம். இந்த முறை நானும் போய் நின்றேன். கண்ணாடி வழியாக எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டி, புருசனை முன்சீட்டில் வந்து உட்காரச் சொல்லிக் கை காட்டினார். கார் கிளம்பியது.

அதன் பின்னாலேயே, பெட்ரோல் பைப் மாற்ற நிறுத்தியிருந்த ஜீப் ஒன்றும் பைப்பை மாற்றாமலேயே கிளம்பிப் போய்விட்டது. பிரவீன் அதைத் தடுக்கவில்லை. சிவந்த மூக்கோடு வந்து சேர்ந்த ஜெயமேரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு மருந்து வாங்கி வரக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் பிரவீன் குத்தவைத்து உட்கார்ந்து தரையைக் கூட்டினார். குங்குமத்துக்கு நடுவில் எரியாத சூடக் கட்டி ஒன்று கிடந்தது. எடுத்து ஊதினார். டீக்கடையைப் பார்த்தார், என் கடையைப் பார்த்தார். பின்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தீப்படாத கையால் அதை மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு ஒரு துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு, மறுபடியும் இழுத்தார்.