விடச் சொல்லிக் கேட்ட கன்று

பிள்ளைகளே, நான் கால்நடை மருத்துவ டிப்ளமோ படித்தபோது மாட்டின் உடலைக் கழுத்து, நெஞ்சு, வயிறு என்று பகுதி பகுதியாகப் படிக்க வேண்டியிருந்தது. உயிரோடு நிற்கும் கன்றின் மேல் முதலில் சாக்பீஸால் கோடு போடுவோம். இதயம் இங்கே, நுரையீரல் இதுவரை. பிறகு அதே கன்றை மயக்கி, கழுத்து ரத்தக்குழாயைத் திறந்து ரத்தத்தை வடித்து, அந்தக் குழாய் வழியாகவே, உடல் கெடாமல் இருக்க, ஃபார்மலின் மருந்தை ஏற்றுவார்கள். போட்ட கோடு சரியா என்று அறுத்துப் பார்ப்போம். இதற்கெல்லாம் நல்ல தமிழ்ப் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எங்களுக்கு இரண்டு ஆண் எருமைக்கன்றுகள் வந்தன. போசரிப் பக்கம் பால்பண்ணை வைத்திருந்த ஒருவர் கொடுத்தவை. ஆண் கன்றால் அவருக்குப் பால் நஷ்டம்தான்.

வெளிமாநிலக் கல்லூரி அது; வகுப்பில் தமிழ் பேசியவர்கள் இரண்டே பேர். நான் கோர்படி ரயில்வே காலனி. இன்னொருத்தி ஏரவாடாப் பெண். இரண்டில் கொழுத்த கன்று எப்போதும் அவள் துப்பட்டாவைச் சப்பிக்கொண்டு நிற்கும். அதற்கு மயக்க ஊசி போட வேண்டிய நாளில் அவள் ஆசிரியரிடம் போய், "சார், இதை மட்டும் விட்டுடுங்க" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. "விட்டுடலாம். அப்போ எதை வெட்டணும்னு நீயே கைகாட்டு."

"ஜட்ஜம்மா, தீர்ப்பைச் சொல்லுங்க" என்றான் பின்னாலிருந்து ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

கழிச்சலில் மெலிந்து மூலையில் நின்ற மற்றதை அவள் காட்டினாள்.

"நல்லது. கொழுப்பில்லாத உடம்புதான் அறுக்க வசதி" என்றார் ஆசிரியர். ஊசி போடும்போது அதன் தலையைப் பிடிக்கும் வேலையையும் அவளுக்கே கொடுத்தார்.

பிழைத்த கன்று பண்ணைக்கே திரும்பியது. வயிற்றுப் பகுதியைப் படித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, அதைப் பார்க்கப் போகலாம் என்று அவள் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பண்ணைக்காரர் கறந்துகொண்டிருந்தார். எருமையின் முகத்துக்கு நேரே, வைக்கோல் அடைத்த ஒரு கன்றுத்தோல் குச்சிக் கால்களில் நின்றது. எருமை அதைத் தன் கன்றென்று நக்கிக்கொண்டே பாலை விட்டது.

"எங்க கன்னு எங்க மாமா?" என்று இந்தியில் கேட்டாள்.

அவர் தாடையால் அந்தத் தோலைக் காட்டினார். "கொடுத்தது திரும்பி வந்தா நான் என்ன செய்ய? அது குடிச்சா எனக்கு என்ன மிஞ்சும்? தள்ளிக் கட்டினேன். அதுவா செத்துப் போயிடுச்சு."

வாளியில் பால் பீய்ச்சும் சத்தம் நிற்கவே இல்லை.

"இன்னொண்ணோட தோல் உங்ககிட்டதானே இருக்கு? அதோட தாய் மடியைத் தொடவே விடமாட்டேங்குது. கொண்டு வந்து கொடுங்களேன்" என்றார்.

"துண்டு துண்டா வெட்டிட்டோம்" என்றாள்.

அவர் உச்சுக்கொட்டினார். "ஒரு நல்ல தோலைப் பாழாக்கிட்டீங்க." பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு, அந்தத் தாயின் பின்னங்கால்களைக் கட்ட எழுந்தார். "மாட்டுப் படிப்புதானே படிக்கிறீங்க? வாங்க, கொம்பைப் பிடிங்க."