அகிலா ஊற்றிய தண்ணீர்

அகிலாவுக்குப் பயப்படக் காரணம் வேண்டியதில்லை. குக்கர் விசில் அடித்தால் பயம், பல்லி உச்சுக்கொட்டினால் பயம். சிங்கம்புணரியிலிருந்து காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இந்த ஆறு வருஷத்தில் கணவன் இளமாறன் அவளைக் கேலி செய்யாத நாளில்லை. அவன் கொத்தனார். அவன் கட்டும் வீடுகளில் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. புதுத் தூண்களில் சாக்கைச் சுற்றி, ஈரம் காயாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்தால் கான்கிரீட் வெடித்துவிடும்.

குன்றக்குடி சாலையோரம் இப்போது எழும்பும் வீட்டில், கத்திரி வெயில் தொடங்கியதும் அந்தச் சாக்குகளுக்கு விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். தேரை சாக்கு மடிப்புக்குள் ஒடுங்கிக்கொண்டது. அணில் ஈரமணலில் வயிற்றைப் பரப்பிப் படுத்தது. வெயில் நகர்ந்து இடம் சுட்டால் எல்லாம் அடுத்த தூணின் நிழலுக்குப் போய்விடும். எது எந்நேரம் எங்கே கிடக்கும் என்பது அகிலாவுக்கு அத்துப்படி. பயந்தவள் பார்த்துப் பார்த்துத்தானே கால் வைப்பாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பின் இளமாறன், நிழலுக்காகக் கட்டியிருந்த படுதாவின் கீழ் வழக்கம்போல் தூங்கிப்போனான். குடத்தோடு வந்த அகிலா அப்படியே நின்றுவிட்டாள். அவன் குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளி, ஈரமணலில், நல்ல பாம்பு ஒன்று நீட்டிப் படுத்திருந்தது.

கூப்பிட்டால் அவன் விருட்டென்று காலை உதறுவான். கம்பை எடுத்தால் அது சீறும். ஓடிப்போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, உள்ளதைச் சொல்ல வேண்டுமே. கால்தான் நகரவில்லை. அதுவும் இந்தச் சூடு தாங்காமல் வந்த உயிர்தானே என்பது மட்டும் புத்தியில் பட்டது.

எதிர்ச் சுவரோரத் தூணில் நிழல் இருந்தது. அதன் சாக்கில் குடத்தைச் சத்தமில்லாமல் சாய்த்தாள். பிறகு படுதாவின் கால்மாட்டு முடிச்சை அவிழ்க்கப் போனாள். மூன்று முறை கயிறு நழுவியது. கடைசியில் முடிச்சு அவிழ, முனையை மெல்ல ஒதுக்கினாள். வெயில் பாம்பின் மேல் விழுந்தது.

அது தலையைத் தூக்கியது. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்த பாம்பு, அவன் குதிகாலை உரசினாற்போல் வளைந்து திரும்பி, எதிர்ச் சுவர்ப் பக்கம் போய்ச் சாக்குக்குள் நுழைந்தது.

காலில் வெயில் சுட இளமாறன் விழித்தான். "படுதாவ எதுக்கு அவுத்த? செத்த நேரம் கண்ணசர விடமாட்டியா?"

அவள் மணலைக் காட்டினாள், பிறகு அந்தத் தூணைக் காட்டினாள். தன் குதிகாலையொட்டிப் போன தடத்தைப் பார்த்ததும் அவன் இரண்டு கால்களையும் மடக்கிக்கொண்டான்.

"அந்தத் தூணு வெடிச்சாலும் போகுது, நீ கிட்டப் போகாத," என்றான். பிறகு மணலைத் தொட்டுப் பார்த்து, "ஆமா, நான் படுக்குற எடம் காஞ்ச மணலுல்ல? இங்குட்டு ஏது ஈரம்?"

"நான்தான் ஊத்துனேன்," என்றாள் அகிலா. "வேர்த்து வேர்த்துக் கெடக்கீகளேன்னு, நீங்க சாப்புட்டுக்கிட்டு இருக்கையில, கால்மாட்டுல ரெண்டு குடம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.