என் பெயருக்கு எதிரே இருந்த கட்டம்

மலேசியாவின் கிழக்குக் கரையில், மெர்சிங் படகுத்துறையை விட்டு நடக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. தோளில் ஒரு பை, கையில் இன்னும் மீன் வாடை. ஏழு மாதம் மீன் பெட்டிகளில் ஐஸ் அள்ளிக் கொட்டியதில் இரண்டு நகம் கறுத்து விழுந்துவிட்டன. அன்று காலை போதும் என்று தோன்றியது. முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். சண்டையெல்லாம் இல்லை. அடுத்து ஆயர் ஈத்தாம். அங்கே ஒரு பானைக் கடையில் லாரிக்குச் சாமான் ஏற்ற ஆள் தேடுவதாகக் கேள்வி.

கைப்பேசி அடித்தது. கனடாவிலிருந்து அக்கா.

"எங்கடா இருக்க?"

"மெர்சிங்ல. பஸ் எடுக்கப் போறேன்."

"லீவா?"

"வேலைய விட்டுட்டேன்."

"ஒரு நாள் பொறுக்க முடியலயா ஒனக்கு?" என்றாள்.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்து இப்போதுதான் பிள்ளை உண்டாகியிருந்தது. அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீண்ட நாள் தங்கும் விசாவுக்கு மனுப் போட்டாள். நிராகரித்துவிட்டார்கள். மறுபடி போட எல்லாம் தயார். நாளைக்குள் அனுப்பினால்தான் பிரசவத்துக்கு முன்னால் பதில் வர வழியுண்டு.

"இங்க வந்தா ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்பிப் போக மாட்டாங்கன்னு விசா ஆபீஸ்ல நெனைக்கிறாங்கடா. அங்க அவங்களுக்குன்னு யார் இருக்கான்னு காட்டணும்."

"நான் இருக்கேனே."

"நீ எங்க இருக்க?"

குத்திக் காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. ஆனாலும் சாலையோரம் நின்றுவிட்டேன். எங்கள் ஊருக்குப் போகும் ஜொகூர் பாரு பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினேன். பானைக் கடை நினைவே வரவில்லை.

தெப்ராவ் அடுக்குமாடியில், எங்கள் வீட்டில் அப்பா பழந்துணி விற்கும் பண்டல் கடையில் வாங்கிய பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறியை நிறுத்தியிருந்தார். கழுத்திலிருந்து வேர்வை வடிந்தது.

"என்னப்பா இது?"

"பழகுறேன்லா. அங்க மைனஸ் இருபதாம்."

"ரெண்டு நாளா இதே கூத்து. பக்கத்து வீட்டுக்காரரு ஒங்கப்பாவுக்கு ஜுரமான்னு கேட்டுட்டுப் போறாரு" என்றார் அம்மா. கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது. பாதிக்குமேல் பத்தியச் சாமான்.

"விசாவே வரலயேம்மா."

"வரட்டும். பெருங்காயமும் சுக்கும் அப்ப போய்த் தேடிக்கிட்டிருக்க முடியுமா?"

அப்பா கோட்டோடு எழுந்து படிவத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பெயர், முகவரி, தொழில். அக்காவின் வரி நிறைந்திருந்தது. என் பெயருக்கு எதிரே தொழில் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. முதல் மனுவில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்.

"இதுல என்னன்னு எழுதுறது?"

"மீன் வேலைன்னு எழுதுங்க."

"நீ விட்டுட்டதா அக்கா சொன்னா. பொய் எழுத மாட்டேன்."

"அப்ப கோடு போடுங்க."

"கோடு போட்டுத்தான் போன தடவ போச்சு" என்றார் அம்மா, ஸ்வெட்டரை மடித்தபடி. அதுதான் காரணமா என்று யாருக்கும் தெரியாது. கடிதத்தில் அப்படி எழுதவில்லை. ஆனால் அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

என்னால் உட்கார முடியவில்லை. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன் நான். எத்தனையோ வேலை பார்த்தேன், விட்டேன். எந்த அரசாங்கமும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. இப்போது கனடாவில் முகம் தெரியாத ஓர் அதிகாரி, நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன் என்று படிக்கப் போகிறார். எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

ஜன்னலுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை. அதன் வேலியில் ஆள் தேவை என்ற துணி எத்தனையோ வருடமாக வெளுத்துத் தொங்குகிறது. ஒருமுறைகூட அதை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அனுப்ப வேணாம்னு அக்காகிட்ட சொல்லுங்கப்பா" என்றேன்.

மறுநாள் காலை ஏழரைக்குத் தொழிற்சாலை வாசலில் நின்றேன். அலுவலகப் பெண்மணி என் விரல்களைப் பார்த்தார். பிறகு, எவ்வளவு காலம் இருப்பாய் என்று மலாயில் கேட்டார்.

"என் அம்மா அப்பா வெளிநாடு போய்த் திரும்பி வரும் வரைக்கும்."

"எப்போது போகிறார்கள்?"

"நீங்கள் வேலைக் கடிதம் கொடுத்தால்."

அவர் சிரித்துவிட்டார். பத்து மணிக்குக் கடிதத்தைப் படமெடுத்து அக்காவுக்கும் அப்பாவுக்கும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது: என் பெயருக்கு எதிரே, அழுத்தி எழுதிய நீல மையில், தொழிற்சாலை ஊழியர். கைப்பேசியைத் தொழிற்சாலை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, சூடு ஆறாத வாளி மூடிகளை இருபத்தைந்து இருபத்தைந்தாக அடுக்கத் தொடங்கினேன்.