நெற்றி வெள்ளையில் மருதோன்றி

ஹாஜியார், நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்தக் குதிரை சாகவில்லை.

நுவரெலியாவில் உங்கள் லாயத்தில் ஏழு வருடம் அதைப் பார்த்துக்கொண்டவன் நான். செம்பழுப்பு உடம்பு, நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. பந்தயத்தில் மூன்று முறை பெரிய கிண்ணத்தை வென்றது. கிண்ணத்தோடு படம் எடுத்தது நீங்கள். அதன் வியர்வையைத் துடைத்தது நான். கடைசி ஓட்டத்தில் முன் இடக்கால் நரம்பு கிழிந்தது. "இனி இதுட முதுகில ஒருத்தரையும் ஏத்த மாட்டன். நம்மட வயல் பக்கம் புல்லுத் திண்டுகிட்டுக் கிடக்கட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். நம்பிக் கயிற்றை உங்கள் கையில் கொடுத்தேன்.

ஆறு மாதத்தில் செத்துவிட்டது என்றீர்கள். உங்கள் ஊருக்கு வந்து, எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டேன். "ஒலுவில் கரையில. அந்த இடத்தக் கடல் அரிச்சிட்டுப் போயிட்டு." அங்கே கடல் கரையைத் தின்பது எல்லாருக்கும் தெரியும். பொய்க்கு நல்ல இடம் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் குழியை வெட்டினேன் என்று சொல்ல ஒருவர்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

போன கிழமை மருதமுனையில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையை ஏற்ற ஒரு குதிரை நின்றது. நெற்றியில் வெள்ளை இல்லை. ஆனால் முன் இடக்காலை முழுதாக ஊன்றாமல் நின்றது. கிட்டப் போனேன். என் சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்தது. லாயத்தில் அதற்குச் சீனிக்கட்டி வைப்பது அந்தப் பையில்தான். நெற்றி மயிரைப் பிரித்துப் பார்த்தேன். நுனி சிவப்பு, அடி வெள்ளை.

குதிரையைக் கொண்டுவந்தவர் என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தார். "என்ன காக்கா, குதிரைக்குப் பொண்ணு பாக்க வந்தீங்களா? கலியாணத்துக்கெண்டு மருதோண்டி போட்டிருக்கு."

"கலியாணம் இல்லாத நாளையில?"

"அப்பவும் போடத்தான் வேணும். வெள்ள தெரியப்படாதெண்டு ஹாஜியார்ர கட்டளை." சொன்ன பிறகுதான் அவருக்கு முகம் மாறியது. "நான் சொன்னனெண்டு கதைச்சிராதீங்க காக்கா."

மாப்பிள்ளை ஏறினார். அந்தக் கால் மடங்கி நிமிர்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உயிரோடு இருந்தால் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும். அதனால் வாயாலேயே கொன்றுவிட்டீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இன்னொரு கலியாணத்துக்கு அதைப் பேசியிருக்கிறீர்களாம். அந்தக் கால் தாங்காது. உடைந்தால் இந்த முறை உண்மையாகவே சாகும். ஆகவே அன்று ஜும்ஆ தொழுகை முடிந்து சனம் கலையுமுன் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சொல்லுங்கள்: ஒலுவிலில் எதைப் புதைத்தீர்கள்? நெற்றியை ஏன் மறைத்தீர்கள்? எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.