எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனவள்

பேய் பிசாசு, காத்து கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் "சரி, அப்புறம்?" என்று கொட்டாவி விடுகிற ஆள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டராக இருக்கிறேன், அடுத்தவன் செய்ததில் எங்கே ஓட்டை என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. அதனால் இதைக் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னென்ன கேள்வி கேட்பீர்களோ அத்தனையும் நானே கேட்டுப் பார்த்தாயிற்று. பதில் கிடைக்கவில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் ஒரு கதை கேட்டதாக இருக்கட்டும்.

எனக்குச் சைக்கிள் பைத்தியம். லீவைச் சேர்த்து வைத்துப் போட்டு, கேரியரில் இரண்டு பையைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவேன், ஹைவே பக்கம் போகவே மாட்டேன், ஊர் ஊராகக் கிராமத்து ரோட்டிலேயே மிதிப்பேன். ராத்திரிக்குக் கோயில் மண்டபம், பெட்ரோல் பங்க், யாராவது கூப்பிட்டால் அவர்கள் வீடு. பெண்பிள்ளை தனியாகவா என்று கேட்காத ஊர் இல்லை, சோறு போடாமல் அனுப்பிய ஊரும் இல்லை. அந்தத் தடவை ராயலசீமா வழியாக ஹம்பி வரை போய்த் திரும்புவதாகத் திட்டம்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பா ஆவடியில் டிஃபென்ஸ் ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பருத்திப்பட்டில் ஏரிப்பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கிக் குடிவந்த வருஷமே அம்மா போய்விட்டாள். நான் கிளம்பும்போது அப்பாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், இடது கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை, அதனால் எதிரில் நிற்பவர் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். இப்படி இருக்கும்போது விட்டுவிட்டுப் போனாயா என்று கேட்காதீர்கள். சேக்காட்டில் இருக்கும் என் அத்தை காலையும் மாலையும் வந்து சமைத்து வைத்து, கண்ணில் சொட்டு மருந்தும் விட்டுவிட்டுப் போவாள். மதியச் சொட்டு மட்டும் அவரே விட்டுக்கொள்வார், அது பாதி கன்னத்தில்தான் வழியும்.

கிளம்பிய அன்றைக்கு பவர் பேங்க்கை மறந்துவிட்டேன். எடுக்கத் திரும்பி மேலே ஏறி வந்தபோது அப்பா சுவரைத் தடவிக்கொண்டே ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து நின்றார்.

"திரும்பி வந்துட்டே இல்ல, ஒரு நிமிஷம் உக்காந்து தண்ணி குட்ச்சிட்டு போம்மா."

"வெயில் ஏறிடும்பா" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். மறந்து திரும்பினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதானே. அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஹம்பி வரை ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது கடைசி ராத்திரி நாகலாபுரத்தில் தங்கினேன். காலையில் கிளம்பும்போது பையின் வார் அறுந்துவிட, என் நீல துப்பட்டாவைக் கிழித்து அதைக் கட்டினேன். வீட்டுக்குப் போகிற குஷியில் மிதித்து ஊத்துக்கோட்டைக்கு வந்து, ஒரு இட்லிக் கடையில் நிறுத்தினேன். கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாம்மா, இப்பத்தானே துன்னுட்டு போனே? எதனா மறந்துட்டியா? உக்காரு, மொதல்ல தண்ணி குடி."

நான் சிரித்துவிட்டேன். எனக்கு முன்னால் இன்னொருத்தியும் சைக்கிளில் போகிறாள் போலிருக்கிறது, இந்த ரோட்டில் நம்மைப் போல ஒரு கிறுக்கு இருக்கிறாளே என்று உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பிடித்துவிட்டால் சேர்ந்து போகலாம், ஒரு செல்ஃபி எடுக்கலாம் என்று இட்லியைக் கூட முழுதாகச் சாப்பிடாமல் வேகமாக மிதித்தேன்.

வெங்கல் பக்கம் மரத்தடியில் ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்டிம்மா பின்னால வரே? நீ திரும்பிப் போனதை நான் பாக்கலியே. ரோட்ட பாத்துகினுதான் கீறேன்."

"அது வேற யாரோண்ணா. அவங்க எப்படி இருந்தாங்க?"

"உன்னிய மாதிரிதான். அதே சைக்கிளு, அதே பை. இதோ, இந்த நீலத் துணி கூட கட்டிகினு இருந்துச்சே."

சைக்கிள் ஒன்று போல இருக்கலாம், பை ஒன்று போல இருக்கலாம், ஆனால் அந்தத் துணியை நான் அன்று காலையில்தான் கட்டினேன். வெயிலில் அவருக்குக் கண் மயங்கியிருக்கும், என்னைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் சிரிப்பு வரவில்லை. அவரும் காசு வாங்கும்போது உட்கார்ந்து குடித்துவிட்டுப் போ என்றார், நான் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

தாமரைப்பாக்கம் கூட்டுரோட்டில் பின் டயர் இறங்கிவிட்டது. பஞ்சர் கடையில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினால், கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏம்மா, அவ்ளோ அவசரமா போனே? அப்பாவுக்குக் கண்ணுல மருந்து ஊத்தணும், லேட்டாவுது, லேட்டாவுதுன்னு சொல்லிகினே இருந்தியே. போவலியா?"

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நடுப்பகல், லாரியும் ஷேர் ஆட்டோவும் போய்க்கொண்டிருக்கிற ரோடு, பக்கத்திலேயே பிரியாணிக் கடை. அங்கே நின்றுகொண்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சைக்கிள் ஒன்று போல இருக்கட்டும், துணி ஒன்று போல இருக்கட்டும், என் அப்பாவுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும் என்று ரோட்டில் போகிற யாருக்குத் தெரியும்? அவள் யாராக இருந்தாலும் போகிற இடம் எங்கள் வீடு. கண் தெரியாமல் அப்பா தனியாக இருக்கிற வீடு. குரல் கொடுத்தால் கதவைத் திறந்துவிடுவார்.

உடனே போன் போட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்.

"அப்பா, நான்தான்."

"தெரியுதும்மா. உள்ள இருந்துகினு எதுக்கு போன் பண்றே?"

"உள்ளயா? நான் தாமரைப்பாக்கத்துல இருக்கேன்பா."

பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நான் ஊரின் பெயரைச் சொன்னதும் அது நின்றது.

"அப்பா, வீட்ல யாரு இருக்கா?"

"நீதாம்மா கீறே" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சரி, வெச்சிட்றேன். மருந்து ஊத்துற நேரம்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. அத்தைக்குப் போட்டால் அவள் ஆவடிக்குப் பக்கத்தில் அண்ணனூரில் ஒரு வளைகாப்பில் இருந்தாள், மேளச் சத்தத்தில் நான் கத்தியது எதுவும் அவளுக்கு விளங்கவில்லை. சைக்கிளை அந்தக் கடையிலேயே போட்டுவிட்டு ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏறினேன். திருநின்றவூரில் டிராஃபிக், பட்டாபிராமில் டிராஃபிக், என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ரோட்டை நான் பார்த்ததில்லை. அழுதுகொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரி கேஸ் என்று நினைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார்.

எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நான் சைக்கிள் நிறுத்துகிற தூணுக்குப் பக்கத்தில் டயர் தடம் இருந்தது. செம்மண், இன்னும் ஈரம் காயவில்லை. எங்கள் ஏரியாவில் மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது. சைக்கிள் இல்லை, தடம் மட்டும் இருந்தது.

மேலே ஓடிப்போய் பெல் அடித்தேன். அப்பாதான் திறந்தார். கறுப்புக் கண்ணாடி, சலவை செய்த சட்டை, தலை வாரியிருந்தது. நல்லாத்தான் இருந்தார். அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குள்ளேயும் கூடப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். யாரும் இல்லை. பாத்ரூம் தரை ஈரமாக இருந்தது. அடுப்பில் ரசம், தொட்டால் சுட்டது. டேபிளில் இரண்டு தட்டு இருந்தது, ஒன்றில் சாப்பிட்டு முடித்த அடையாளம், இன்னொன்றில் பரிமாறிய சோறு அப்படியே தொடாமல் இருந்தது.

"யாருப்பா வந்தது? எங்க போனாங்க?"

"யாரும் வரலியேம்மா. நீதான் வந்தே" என்றார்.

"என்ன மருந்துப்பா ஊத்தினாங்க?"

"எப்பவும் ஊத்துறதுதான். ஒரு சொட்டு கூட வீணாவல."

எனக்கு உயிரே போய்விட்டது. என்னத்தைக் கண்ணில் விட்டார்களோ என்று கீழே காசுக்காகக் காத்திருந்த அதே ஆட்டோவில் அப்பாவை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லியில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஓடினேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண் ரொம்ப நன்றாக ஆறிக்கொண்டு வருகிறது, வீட்டில் நன்றாகக் கவனித்துக்கொள்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கேமரா என்று கேட்பீர்கள். எங்கள் அபார்ட்மெண்டிலும் கேமரா இருக்கிறது, அது ஓடி யாரும் பார்த்ததில்லை. அக்கம்பக்கம் என்று கேட்பீர்கள். எதிர் ஃபிளாட்டும் மேல் ஃபிளாட்டும் ஐடி ஆட்கள், பகலில் பூட்டித்தான் கிடக்கும். கீழ்வீட்டுக்காரரிடம் சும்மா விசாரிப்பது போலக் கேட்டேன். மதியம் நீங்கள்தானே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள், கூப்பிட்டேன், திரும்பியே பார்க்கவில்லையே என்று அவர் கோபித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. பயந்துவிடுவாரே என்றுதான் பேசவில்லை. கண்ணே தெரியாத நேரத்தில் முன்பின் தெரியாத எதுவோ பக்கத்தில் உட்கார்ந்து இமையைப் பிரித்து மருந்து விட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இடது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து, பேப்பர் படிக்கிற அளவுக்குத் தெளிந்த பிறகு, ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். அன்றைக்கு மதியம் வந்தது நான் இல்லை அப்பா என்றேன்.

அப்பா பேப்பரை மடித்தார்.

"தெரியும்" என்றார்.

"என்னது?"

"கையைப் புடிச்ச உடனே தெரிஞ்சிபோச்சு. அவ்ளோ நாளு சைக்கிள் ஓட்டிகினு வந்தா உன் கை எப்படி இருக்கும்? அந்தக் கை பஞ்சாட்டம் இருந்துச்சு. சில்லுன்னு இருந்துச்சு."

"பின்ன ஏன்பா போன்ல சொல்லல? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. நான் அந்த ரோட்டுல செத்துப் பொழைச்சு வந்தேன், தெரியுமா?"

"சத்தம் போட்டா அது போயிடும்மா."

"போகட்டுமே!"

"நல்லாத்தான் பேசிகினு இருந்துச்சு" என்றார். குரலில் பயம் இல்லை. பயந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "மருந்து ஊத்திட்டு பக்கத்துல உக்காந்துச்சு, அப்புறம் எழுந்துக்கவே இல்ல. நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சு. அம்மாவப் பத்திக் கூட கேட்டுச்சு."

"என்னப்பா கேட்டுச்சு?"

அவர் டிவி ரிமோட்டைத் தேடினார். இன்று வரை சொல்லவில்லை. எத்தனை விதமாகக் கேட்டாலும், "அத வுடும்மா" என்று எழுந்து போய்விடுகிறார்.

அன்றிலிருந்து நான் எங்கேயும் போகவில்லை. ஆபீஸ் உண்டு, வீடு உண்டு, மதியத்தில் ஒரு தடவை போன் போடுவேன், அவர் ஹலோ என்றதும் உடனே பேசாமல் பின்னால் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருப்பேன். பஞ்சர் கடையில் இருந்து எடுத்து வந்த சைக்கிள் பார்க்கிங்கில் தூசி படிந்து, டயர் இறங்கி நின்றுகொண்டிருந்தது. நான் அதைத் தொடவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே போனால் சைக்கிள் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறது. செயினுக்கு எண்ணெய் விட்டிருக்கிறது, இரண்டு டயரிலும் காற்று கல் மாதிரி இருக்கிறது. அப்பா பம்பைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அடுத்த டூர் எப்பம்மா?" என்று கேட்டார்.