நெஞ்சுவலி என்று சொன்னது

கிருபாசங்கர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட அன்று, "நெஞ்சுவலின்னே சொல்லிப்போடலாம்" என்றார் அவன் பெரியப்பா. அம்மா வசந்தாமணி தலையை மட்டும் ஆட்டினாள். பொள்ளாச்சிப் பக்கத்தில் அவர்களுடைய கொப்பரைக் களத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லி வந்தாள். கேட்டவர்கள் சும்மா இருந்தார்களா? எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள். அவளுடைய சின்ன மகனுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாளின் மகளும் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் யாரும் எதையும் மறைக்கவில்லை. துக்கம் கேட்கப் போன வசந்தாமணி, இவளிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அருகில் உட்கார்ந்தாள். வாயைத் திறப்பதற்குள் மயிலாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பையன் நோவுல போனானுங்க்கா. என்ற புள்ள என்னைய வேண்டாம்னு போயிட்டாளே. ஏன் கண்ணுன்னு கேக்கக்கூட அவ இல்லைங்களே. நீங்க குடுத்து வெச்சவங்க."

துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வசந்தாமணியும் ஒன்றும் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டாள்.